இணைச்சீருக்கு உட்கார்ந்தவள்

சித்ராதேவியிடம் அவள் வாழ்நாளில் யாரும் எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. முதல் தடவை கேட்பார்கள். அவள் கம்மென்று இருப்பாள். சரி, பெண்ணுக்குச் சம்மதந்தான் என்று கேட்டவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வீரபாண்டியில் அவள் பிறந்த வீட்டில் வழக்கமே அப்படித்தான். ஒரு பெண் வாயைத் திறந்து சரி என்று சொன்னால் வெட்கம் கெட்டவள், வேண்டாம் என்று சொன்னால் அடங்காதவள். இந்த இரண்டு பட்டமும் வாங்காமல் தப்பிக்க ஒரே வழி கம்மென்று இருப்பது. அதில் சித்ராதேவி கைதேர்ந்தவள்.

வேல்குமாருக்கு அவளைப் பெண் கேட்டு வந்த அன்று அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, உனக்கு இஷ்டந்தானே?" என்று ஒரு சத்தம் கொடுத்தார். உள்ளே அவள் வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தவில்லை. "கம்முனுதான் இருக்குது. அப்பறமென்னுங்க, தட்டு மாத்திக்கலாம்" என்றார் அப்பா. கிரைண்டர் சத்தத்தில் கேள்வி அவள் காதில் பாதிதான் விழுந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. முழுசாக விழுந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள், அது வேறு விஷயம்.

அதற்கு முந்தின வருஷம் அண்ணன் ஆறுச்சாமியின் கல்யாணம். கொங்குநாட்டில் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் புதுச்சேலை கட்டி, பூ வைத்து, அண்ணன் பக்கத்தில் மணவறையில் உட்காரவைப்பார்கள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், இன்னொரு தலைப்பு அவள் கையில். வரப்போகிறவள் எவளாக இருந்தாலும் கூடப்பிறந்தவளின் இடம் இது, இதை மறந்துவிடாதே என்று ஊரறியச் சொல்லிவைக்கிற சீர். சீர் நடத்திவைக்கிற அருமைக்காரர் என்னென்னவோ சொல்லச்சொல்ல, சித்ராதேவி சேலைத் தலைப்பைக் கசங்கப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவள் காதோரம், "பசிக்குதா அம்மிணி? உள்ள போனதும் மொதல்ல சோறுண்டுக்கோ" என்றார். தன் கல்யாணத்து மணவறையில் உட்கார்ந்துகொண்டு தங்கச்சியின் பசியை நினைத்த ஆள் அவர்.

ஆறுச்சாமி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு, மிஷினைப் பிடித்து வெட்டவேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. கை ஓர் இழை பிசகினால் அடுக்கு மொத்தமும் பாழ். மத்தியானத்துக்கு மேல் அவருக்குத் தலை விண்ணென்று தெறிக்கும். பக்கத்து மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கி டீயோடு போட்டுக்கொள்வார். வருஷக்கணக்காக அப்படி. ஷிப்மென்ட் நெருங்கினால் காலையிலும் ஒன்று. தலைவலிக்குக் காரணம் பிரஷர் என்றோ, அந்த மாத்திரையே ஆளைத் தின்கிறது என்றோ சொல்வதற்கு அங்கே யாருமில்லை. டாலர் விழுந்து, கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து, பாதி ஊர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. சித்ராதேவிக்கும் கல்யாணமாகி இரண்டு பெண்கள் பிறந்துவிட்ட அந்த வருஷந்தான் அண்ணனுக்கு முகம் உப்பிக்கொண்டு வந்தது. வேலை கம்மியானதும் மாஸ்டர் சதை போட்டுட்டாரு என்று டெய்லர்கள் கேலி பேசினார்கள். ஒருநாள் மேசைமேலேயே சாய்ந்துவிட்டார். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனால், இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிற்று என்றார்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். தண்ணீர் ஒரு நாளைக்குச் சின்ன டம்ளரில் அளந்து. அதுவும் நெடுநாள் தாங்காது, யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். அண்ணி விஜயகுமாரிக்கு ரத்தம் சேரவில்லை. அண்ணியை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். அம்மா ஜானகியம்மாளுக்குச் சர்க்கரை. மிச்சம் ஒரே ஆள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். நங்கை அரிசியும்பருப்பும் சாதம் ஆக்கியிருந்தாள். உப்பில்லாமல் அண்ணனுக்குத் தனியாக ஒரு கிண்ணம். ஆடிமாசம், காற்று தகரக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பி சாமியப்பன் மாமாதான் பேச்சை எடுத்தார். குடும்பத்தில் எந்தப் பேச்சையும் அவர்தான் எடுப்பார், அவர்தான் முடிப்பார்.

"டாக்டர் சொல்லிப்போட்டாரு. இனி நாம யோசிக்கறதுக்கு என்ன கெடக்குது?" என்றார் மாமா. "பொறந்தவ இருக்கறப்ப வெளியில தேடுவாங்களா?"

"வேண்டாங்க மாமா" என்றார் ஆறுச்சாமி. "அதுக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குது. மிஷினே போதும். நான் பாத்துக்கறேன்."

"நீ சித்தெ கம்முனு இருடா. மிஷினு எத்தனை நாளைக்கு?"

"இல்லீங்க மாமா, வேண்டாம். நல்லாருக்கற ஒடம்பெ எதுக்குக் கிழிச்சுக்கிட்டு."

அண்ணன் வேண்டாம் என்று சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் ஒரு வாய் காப்பி கொடுத்தால்கூட இரண்டு தடவை வேண்டாங்க, இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்குவார்கள். உடனே வாங்கினால் ஆலாய்ப் பறக்கிறான் என்று பேர். காப்பிக்கே அப்படியென்றால் கிட்னிக்கு எத்தனை தடவை வேண்டாம் சொல்லவேண்டும்!

"இணைச்சீருக்கு ஒக்காந்த கையி" என்றார் மாமா. "அன்னைக்குச் சேலையப் புடிச்சுது, இன்னைக்கு உசுரப் புடிக்கப்போவுது. ஏனம்மிணி, என்ன சொல்ற?"

சித்ராதேவி எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

"அதுகிட்டக் கேக்கோணுமா?" என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எஞ்சாமி என்னைக்கு எதுத்துப் பேசியிருக்குது?"

விஜயகுமாரி பின்கட்டுக்கு ஓடிவந்து, தட்டு கழுவுகிற அந்த ஈரக் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கண்ணீர் சுடச்சுட விரலில் பட்டது சித்ராதேவிக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அப்போதுகூடத் தனக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றியதாக நினைவில்லை. சோப்பு தீர்ந்துபோயிற்று என்று மட்டும் தோன்றியது.

மொபெட்டில் வேல்குமாரோடு வீட்டுக்குத் திரும்பினாள். சாயப்பட்டறையில் வேலை அவனுக்கு. கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அன்றைக்கு நீலம். மேட்டில் வண்டி திணறுகிற இடத்தில் சொன்னான்:

"உன்ற அண்ணன். உன்ற ஒடம்பு. உன்ற இஷ்டம்."

வேல்குமார் வாயில் உன்ற இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். தாய்வீட்டுக்குப் பண்டிகை நோம்பிக்குப் போகட்டுமா என்றால் உன்ற இஷ்டம். போய்விட்டு வந்தால் ஒரு வாரம் சோற்றுத்தட்டை நகர்த்தி வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கும். அந்த வார்த்தையை அவன் சொல்லிவிட்டால் அந்தக் காரியம் நடக்கக்கூடாது. ஆனாலும் கெட்டவன் இல்லை. அன்று இரவு சின்னவள் கவிப்பிரியாவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, மனைவியைப் பார்க்காமல், "உனக்கு ஒண்ணுன்னா இதுகள நான் என்ன பண்ணுவேன்?" என்றான். அவள் பாயை உதறி விரித்தாள்.

பரிசோதனைகள் நடந்தன. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கேனில் மூத்திரம் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் போனாள். கம்பெனியில் செக்கிங் மேசையில் டியூப் லைட்டுக்கு அடியில் பீஸைப் புரட்டிப்போட்டு ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் பார்க்கிறவள் அவள். இப்போது தன்னையே யாரோ வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று ஒருதரம் நினைத்துக்கொண்டாள். பயம் இருந்தது. பயம் என்றால் அழுகை வருகிற பயம் இல்லை. விலாப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு ஐஸ்கட்டி வைத்த மாதிரி. வேலை செய்யும்போதும் சோறுண்ணும்போதும் அந்த இடம் மட்டும் மரத்தே கிடந்தது.

கடைசியாக ஒருநாள் கொடுக்கிறவரோடு மட்டும் டாக்டர் தனியாகப் பேசவேண்டும் என்றார்கள். மாமா, அம்மா, நங்கை, வேல்குமார் எல்லோரும் வெளியே பெஞ்சில். அண்ணனும் வந்திருந்தார். உள்ளே போகும்போது மாமா, "பயப்படாத கண்ணு. செரீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்துரு" என்றார்.

டாக்டரம்மா நடுவயதுக்காரி. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"கதவு சாத்தியாச்சு. இங்க பேசறது வெளிய யாருக்கும் கேக்காது, நானும் சொல்லமாட்டேன். சரியாம்மா?"

தலையாட்டினாள்.

"உங்க டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு. அண்ணனுக்குப் பொருந்துது. ஒரு கிட்னி எடுத்தாலும் மத்தது போதும், குடுத்தவங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா ஆபரேஷன்னா ஆபரேஷன்தான். ரத்தம் நெறையப் போகலாம், சீழ் வைக்கலாம். ரொம்ப அபூர்வமா உயிருக்கே ஆபத்தும் வரும். நாளைக்கு உங்களுக்குப் பிரஷர், சுகர்னு வந்தா இருக்கற ஒண்ணுதான் தாங்கணும். கொஞ்ச மாசம் பாரம் தூக்கக்கூடாது. இதெல்லாம் யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"

யோசித்துப் பார்த்தாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. யாரும் அதட்டவில்லை. எல்லோரும் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். "இல்லீங்க" என்றாள்.

"சரி. அண்ணனுக்குக் குடுக்க உங்களுக்கு இஷ்டமா?"

அவள் கம்மென்று இருந்தாள். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கிட்னி, பாதியாகத் திறந்து, உள்ளே சிவப்பும் நீலமுமாக. வெளியே வண்டி தள்ளுகிற சத்தம். இந்நேரம் டாக்டர் சரி என்று எழுந்திருக்கவேண்டும். அப்படித்தானே எல்லோரும் செய்வார்கள்.

"உங்களுக்கு இஷ்டமாம்மா?" என்றார் டாக்டரம்மா இரண்டாவது தடவையாக.

இரண்டாவது தடவை கேட்டால் என்ன செய்வது என்று சித்ராதேவிக்குத் தெரியவில்லை. அவளுக்கு அதில் பழக்கமில்லை. ஆமாங்க என்று நாக்கின் நுனிவரை வந்தது. அதன் பின்னாலேயே இல்லீங்க என்பதும் வந்தது. இரண்டும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

டாக்டரம்மா அவசரப்படாமல் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க பதில் சொல்லலைன்னா அதைச் சம்மதம்னு நான் எடுத்துக்க முடியாதும்மா. பேசாம இருக்கறவங்களுக்கு வேண்டாம்னுதான் நாங்க வெச்சுக்குவோம். தப்பே இல்லை. நீங்க வேண்டாம்னீங்கன்னு ஒரு வார்த்தை வெளிய போகாது. டெஸ்ட்ல சரிப்படலைன்னு நான் சொல்லிக்கறேன். என்ன ஏதுன்னு கேட்டா, அது அவங்க சொந்த விஷயம், சொல்லமாட்டேன்னுருவேன். மனசு மாறுனா எப்ப வேணும்னாலும் வாங்க. ஆனா வாயால சொல்லணும்."

அப்படியில்லீங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். எப்படியில்லை என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். டாக்டரம்மா எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அந்த ஒரு நொடியில் விலாப்பக்கத்து ஐஸ்கட்டி கரைந்து, உடம்பு பஞ்சாகிப்போயிற்று. அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் மனசில் ஒன்றுமே இல்லை.

"சரிப்படலைன்னா என்னுங்க அர்த்தம்?" என்று மாமா டாக்டரம்மாவிடம் மல்லுக்கட்டினார். "ஏதாச்சும் வியாதிங்களா?"

"அதை நான் சொல்லக்கூடாதுங்க."

இது போதாதா? சொல்லக்கூடாத அளவுக்கு ஏதோ பெரிய கோளாறு என்று பெஞ்சிலேயே முடிவாகிவிட்டது. மாமா, பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டிருக்கிறவர் மாதிரி, "கிட்னியில என்னமோ இருக்குது, அதான் சொல்லமாட்டேங்கறாங்க" என்றார். "அய்யோ, எனக்கு ரெண்டு புள்ளைங்களும் இப்பிடியா போகோணும்?" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள். வேல்குமார் மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். உன்ற இஷ்டம் என்று சொன்ன வாய் வறண்டுபோயிருந்தது. அண்ணன்தான் எழுந்துவந்து அவள் தோளைத் தொட்டார்.

"நீ வெசனப்படாத அம்மிணி. மொதல்ல உன்ற ஒடம்பப் பாரு."

அவள் கம்மென்று நின்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நடந்த ராஜ உபசாரம் இருக்கிறதே, அதைச் சொல்லவேண்டும். வாரம் தவறாமல் விஜயகுமாரி வாழைத்தண்டு வாங்கி, நாரெடுத்து நறுக்கி, மோரில் போட்டுத் தூக்குப்போசியில் கொண்டுவந்து கொடுத்தாள். கிட்னிக்கு நல்லதாம். புருஷனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்பின களைப்போடு வருவாள். "மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு உனக்கு. கறந்த பாலாட்டம் இருந்த புள்ள" என்பாள். குடிதண்ணீர் லாரி வந்தால் வேல்குமார் குடத்தைத் தானே தூக்கினான். சாயம் ஒட்டின கையோடு அவன் குடம் தூக்குவதைத் தெருவே பார்த்தது. கம்பெனியில் சூப்பர்வைசர் காதுக்கும் விஷயம் போய், நின்றே வேலை பார்க்கிற செக்கிங் மேசையில் அவளுக்கு மட்டும் ஒரு சேர் போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சேரில் உட்கார்ந்து பனியன் பிசிறை நறுக்கும்போது கால் வலிக்காததுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

பக்கத்தில் நிற்கிற மருதாள் தேனிப் பக்கத்துக்காரி. எதையும் போட்டு உடைத்துத்தான் கேட்பாள்.

"ஏத்தா, ஒனக்கு என்னதான் நோவு?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"ஒண்ணுமில்லாமயா ஒங்க மதினிக்காரி வாழத்தண்டா ஆக்கித் தள்ளுறா? மாத்திரை மருந்து ஏதும் திங்கிற மாதிரியும் தெரியல. என்னமோ போ. வாயில என்னத்த வச்சிருக்கியோ, துப்பவும் மாட்டேங்கிற, முழுங்கவும் மாட்டேங்கிற."

சித்ராதேவி பீஸைப் புரட்டினாள். எண்ணெய்க்கறை பட்டதை ஒதுக்கிப் போட்டாள்.

தினமும் காலையில் இன்றைக்கு ஒரு போன் போட்டு டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பாள். சாயங்காலம், நல்லவேளை சொல்லவில்லை என்று படுப்பாள். நடுவில் அண்ணன் கறுத்துக்கொண்டே வந்தார். தோல் உலர்ந்து அரிப்பெடுத்தது. வேலைக்குப் போவது நின்றுவிட்டது. கட்டிங் மேசைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். ஆடி போய், ஐப்பசி மழையும் வந்து போய்விட்டது.

கார்த்திகையில் ஒருநாள் நங்கைக்குக் காய்ச்சல். டயாலிசிஸுக்கு அண்ணனோடு கூடப்போக ஆளில்லை. "நான் போறனுங்க நங்கெ" என்று சித்ராதேவி கிளம்பினாள். பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தார்.

டயாலிசிஸ் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். ஆறுச்சாமிக்குக் கோடிக் கட்டில். நர்ஸ் இரண்டு ஊசிகளைக் குத்தி டியூபை மாட்டிவிட்டுப் போனாள். ரத்தம் ஒரு டியூபில் போய் இன்னொன்றில் திரும்பி வந்தது. இடது முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசிக்காக அறுத்து இணைத்த நரம்பு புடைத்து முண்டுமுண்டாக இருந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "தொட்டுப் பாரு" என்றார். தொட்டாள். தோலுக்கு அடியில் பவர் தையல்மிஷின் ஓடுவது மாதிரி கிர்ரென்று அதிர்ந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மிணி, இன்னைக்கு உன்னையக் கூட்டீட்டு வந்ததுக்கு ஒரு காரியமும் இருக்குது" என்றார். "அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். இது முடிஞ்சதும் உன்னையும் ஒருக்காப் பாக்கோணும். நம்மாளுக கிட்னி கிட்னின்னு பேசறாங்களே ஒழிய, ஒருத்தரும் வைத்தியம் பாக்கக் காணோம். நானும் அப்பிடித்தான் உட்டுட்டேன். மாத்திரையத் தின்னு தின்னு உட்டுட்டேன். உனக்கும் அப்பிடி ஆயிரப்படாது."

"எனக்கென்னுங்ணா, நல்லாத்தானே இருக்கறேன்."

"நானும் அப்பிடித்தான் சொல்லீட்டுத் திரிஞ்சேன். இங்க நான் எத்தன பேரப் பாக்கறேன் தெரியுமா? கடைசியில வர்றாங்க. உன்ற மகளுக ரெண்டும் சின்னது, அம்மிணி."

மூச்சு வாங்கியதால் விட்டுவிட்டுப் பேசினார். பேசி முடித்ததும் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். தண்ணீர் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவருக்கே தெரியும். தன் தாகத்தை விட்டுவிட்டு அவர் மறுபடியும் தங்கச்சியின் பசியைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று வலித்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்ணா."

"அதை டாக்டர் சொல்லட்டும்."

"டாக்டர் சொல்லீட்டாங்க. அன்னைக்கே. என்ற கிட்னி ரெண்டும் நல்லாருக்குது. உங்களுக்குச் சேருது. அவங்க இஷ்டமான்னு கேட்டாங்க, நான் கம்முனு இருந்தேன். கம்முனு இருந்தா வேண்டாம்னு வெச்சுக்குவோம்னு சொல்லீட்டாங்க. வெளிய வந்து உங்ககிட்ட வேற சொன்னாங்க. நான் அதையும் கம்முனு கேட்டுட்டு நின்னேன்."

இத்தனை நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறுச்சாமி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டார். மிஷின் ஒருதரம் கூவி அடங்கியது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போனாள்.

"அப்ப வாழத்தண்டெல்லாம்?" என்றார் கடைசியில்.

"அதையும் தின்னுட்டுத்தான் இருக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஊசி இழுக்கும் என்று அடக்கிக்கொண்டார்.

"நீங்களுந்தான் மொதல்ல இருந்தே வேண்டாம் வேண்டாம்னு சொன்னீங்க" என்றாள். "மாமன்கிட்டச் சொன்னீங்க, அம்மாகிட்டச் சொன்னீங்க. அது நெசமாலுமா? வாயத் தொறந்து சொல்லுங்கண்ணா. உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

அவரை அப்படி யாரும் கேட்டதில்லை போல. கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் ஈரம் கோத்தது. உடம்பில் தண்ணீர் சேரக்கூடாத மனுஷனுக்கு அந்த ஒரு சொட்டு எங்கிருந்துதான் வந்ததோ.

"வேண்டாங்கறது மொறைக்குச் சொன்னது, அம்மிணி" என்றார். "வேணும். எனக்குச் சாவப் பயமா இருக்குது. ராத்திரியில மூச்சு முட்டி எந்திரிச்சு ஒக்காந்துக்கிட்டு உன்னையத்தான் நெனச்சுக்குவேன். அம்மிணி குடுத்திருந்தா இந்நேரம் ஒரு சொம்புத் தண்ணி அண்ணாந்து குடிச்சிருப்பமேன்னு நெனப்பேன். அப்பறம், பாவம் அதுக்கே வியாதி, நாம இப்பிடி நெனக்கறமேன்னு சங்கட்டமா இருக்கும். எனக்கு வேணும்."

சித்ராதேவி கேட்டுக்கொண்டாள். ஒரு மனுஷன் உள்ளதை உள்ளபடி கேட்டுவிட்டான். இனி கம்மென்று இருக்கமுடியாது. கம்மென்று இருந்தால் இந்தக் கட்டிலில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம், டாக்டரம்மாவின் அறையில் வேண்டாம் என்று அர்த்தம். நடுவில் இந்த மனுஷன் ஊசலாடிக்கொண்டு கிடப்பார். அவளுக்குச் சின்னவளின் முகம் வந்தது. வேல்குமாரின் நீலக் கை வந்தது. அதெல்லாம் சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், விலாப்பக்கம், அந்த ஐஸ்கட்டி. அது மட்டும்தான் அவளுக்குச் சொந்தமானது.

"என்னால முடியாதுங்ணா."

சொல்லிவிட்டாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"எனக்கும் பயமா இருக்குது. உங்க மேல பிரியமில்லாம இல்ல. ஆனா முடியாது. நானும் தெனமும் பாத்துட்டேன். முடியல."

பிறந்து வளர்ந்து, வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளை பெற்று, அவள் வாய்திறந்து சொன்ன முதல் முடியாது இதுதான். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை. அதையெல்லாம் விழுங்கிவிட்டு, உலகத்தில் யாரிடம் சொல்லக்கூடாதோ அவரிடம் கொண்டுவந்து சொன்னாள்.

டியூபில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. அவள் கட்டில் கம்பியை விடவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது.

"செரி" என்றார்.

பிறகு, "நீ கம்முனு இருந்திருந்தா நான் பாட்டுக்கு நெனச்சுட்டே கெடந்திருப்பேன்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "இதெ வேற யாருகிட்டயும் சொல்லிக்காத. உன்ற நங்கைகிட்டயும். அவளுக்குத் தாங்காது. டாக்டர் சொன்னதே இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு டாக்டரம்மாவை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அண்ணனுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். பையில் போர்வை, சோற்றுப்போசி, மருந்து. வழியில் யாரோ பாட்டிலைத் திறந்து மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தார்கள். ஆறுச்சாமி அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் பார்த்தாள். பார்க்காதது மாதிரி இருக்கவில்லை.

வீட்டுக்கு முன்னால் ஆட்டோ நின்றபோது பொழுது இறங்கியிருந்தது. விஜயகுமாரி காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். சித்ராதேவி குனிந்து பையை எடுத்தாள். ஆறுச்சாமி, ஊசி குத்தாத கையை நீட்டி, அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ தூக்காத அம்மிணி" என்றார், வாசலில் நின்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி. "உனக்குத்தான் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்குதல்லொ."

"அதான, நீ எதுக்கு எடுக்கற?" என்று நங்கையும் சொன்னாள்.

பையைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அண்ணன் முன்னால் ஏறிப் போனார். அவள் வெறுங்கையோடு பின்னால் போனாள்.